கன்றின் கண்ணோரத்தில் ஒரு வட்டம்



பிள்ளைகளின் காய்ச்சல், இருமல், அடுப்படிச் சுத்தம் என்று பேசி வந்த இந்தப் பக்கத்தில் இம்மாதம் மாட்டுக் கொட்டிலுக்குள் நுழையப் போகிறோம். "எங்கள் வீட்டில் மாடும் இல்லை, ஆடும் இல்லையே" என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் நம் வாசலில் ஓர் ஆடாவது கட்டப்படும். அதைத் தடவிக் கொடுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். தலையையும் காலையும் கழுவித் துப்புரவு செய்யும் வேலை நம் கைக்குத்தான் வரும். ஆகவே இது எல்லோருக்கும் உரிய செய்திதான்.

நாச்சிக்குடாவிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்த பின் வாப்பாவின் ஊருக்குத் திரும்பிய குடும்பம் அவருடையது. கணவர் கடலுக்குப் போகிறவர். கடல் கைகொடுக்காத மாதங்களுக்காக, சேர்த்து வைத்த காசில் பக்கத்து ஜெயபுரத்திலே ஒரு கறவைப் பசுவையும் அதன் நாகு கன்றையும் வாங்கினார். காலையில் நான்கு வீடுகளுக்குப் பால் கொடுக்கிறார். கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வாங்கி மூன்று வாரம் ஆனபோது கன்றின் கண்ணோரத்தில் ஒரு ரூபாய்க் குற்றியளவு மயிர் உதிர்ந்து, சாம்பல் நிறத்தில் பொருக்கு எழும்பியது. பிறகு காதடியில் ஒன்று, கழுத்தில் இரண்டு. அடுத்த சில நாட்களில் கன்றோடு விளையாடும் இளைய மகனின் முன்கையிலும் சிவந்த ஒரு வட்டம். அந்தச் சகோதரி மூன்று கேள்விகள் கேட்கிறார்.

"ஜெயபுரத்து ஐயா நோயை மறைத்து என் தலையில் கட்டிவிட்டாரா? சூடு போட்டால் அடங்கிவிடும் என்கிறா மாமி, போடலாமா? பெருநாளைக்கு மாடு பிடிக்கும் தரகர் ஒருவர் நல்ல விலை சொல்கிறார். பசுவின் தோலில் இன்னும் ஒன்றும் இல்லை. எதுவும் சொல்லாமல் இரண்டையும் கொடுத்துவிட்டால் குற்றமா?"

கடைசிக் கேள்வியை எழுதும்போது அவருடைய கை தயங்கியிருக்கும். அந்தத் தயக்கமே ஈமானின் அடையாளம். வரிசையாகப் பார்ப்போம்.

தோலில் வருவதெல்லாம் ஒரே நோயல்ல

மாட்டின் தோலில் எதைக் கண்டாலும் "சொறி" என்று ஒரே பெயரைச் சொல்லி, கையில் கிடைத்ததைப் பூசுவது நம் வழக்கம். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார், ஒருவர் வாகனத்தின் கழிவு எண்ணெய் என்பார். ஆனால் தோலைக் கெடுப்பவை நான்கு வகை. பூஞ்சணம் ஒன்று, பக்டீரியா ஒன்று, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி ஒன்று, வைரஸ் ஒன்று. ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது. பூசிப் பார்த்துக் காத்திருக்கும் நாட்களில் நோய் பக்கத்து மாட்டுக்குப் போய்விடும்.

முதலாவது, இந்தக் கன்றுக்கு வந்திருப்பதாகத் தோன்றும் படர்தாமரை. இதைச் செய்வது பூஞ்சணம். மாடுகளில் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் வெருக்கோசம் என்ற இனம். இது வளர்ந்த மாட்டைவிடக் கன்றையே அதிகம் பிடிக்கும். கண்ணைச் சுற்றி, காதில், கழுத்தில் வட்ட வட்டமாக மயிர் உதிரும். சாம்பல் பூசியதுபோலத் தடித்த பொருக்கு வரும். அரிப்பு அவ்வளவாக இராது. கன்று வழக்கம்போலத் தின்னும், குடிக்கும். ஆனால் இந்தப் பூஞ்சணத்தின் வித்துகள் உதிர்ந்த பொருக்கிலும், கட்டுத்தறி மரத்திலும், கயிற்றிலும் வருடக் கணக்கில் உயிரோடு இருக்கும். மாட்டை விற்றாலும் நோய் கொட்டிலிலேயே தங்கிவிடுவது இதனால்தான். இது மனிதருக்கும் தொற்றும். மகனின் கையில் தெரிந்த வட்டம் அதுவாகவே இருக்கலாம்.

இரண்டாவது, மழைக்காலத்துச் சொறி. வன்னியில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை கொட்டும். கூரையில்லாத பட்டியில், முழங்கால் அளவு சேற்றில், பட்டி மாடுகள் இரவு முழுக்க நனைந்து நிற்கும். அப்போது முதுகிலும் இடுப்பிலும், மழைத்தண்ணீர் வடியும் வழியெல்லாம், மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டி, வர்ணம் தோய்த்த தூரிகை நுனிபோல நிற்கும். அந்தக் கொத்தைப் பிடித்தால் பொருக்கோடு கழன்று வரும்; அடியிலே ஈரமான செந்தோல் தெரியும். இது பூஞ்சணம் போலத் தோன்றினாலும் பக்டீரியாதான். டெர்மடோஃபிலஸ் கொங்கோலென்சிஸ் என்பது அதன் பெயர். 1915இல் அன்றைய பெல்ஜியன் கொங்கோவிலே வான் சாகெகெம் என்ற மிருக வைத்தியர் முதன்முதலில் விவரித்ததால் இந்தப் பெயர் வந்தது. உலர்ந்த பொருக்கில் இந்தக் கிருமி உறங்கிக் கிடக்கும். ஈரம் பட்டதும் விழித்து நீந்தத் தொடங்கும். உண்ணிக் கடியும், முள்ளுக் கீறலும், ஊறிப்போன தோலும் அதற்குத் திறந்த கதவுகள். ஆகவே இதற்கு முதல் மருந்து உலர்ந்த இடம். அடுத்தது மிருக வைத்தியர் போடும் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி. படர்தாமரைக்குப் பூசும் களிம்பு இதற்குப் பயன்படாது.

இன்னொரு பக்டீரியா மடியில் வரும். மடியிலும் காம்படியிலும் சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள். ஸ்டஃபிலோகொக்கஸ் என்ற கிருமியின் வேலை அது. பால் கறக்கிறவரின் கையே அதை ஒரு பசுவிலிருந்து மறு பசுவுக்குக் கொண்டு போகும்.

மூன்றாவது, சிறு பூச்சியால் வரும் சிரங்கு. இதில் அரிப்பு கடுமை. மாடு மரத்திலும் சுவரிலும் உரசிக்கொண்டே நிற்கும். தோல் தடித்துச் சுருங்கும். தின்பது குறைந்து மெலியும். பழைய அரபு மக்கள் தங்கள் ஒட்டகங்களில் கண்டு அஞ்சிய "ஜரப்" இதுதான்.

நான்காவது, எல்லாவற்றிலும் கடுமையான தோல் கழலை நோய். இது வைரஸ். 1929இல் இன்றைய ஸாம்பியாவில் முதலில் காணப்பட்ட நோய், ஆபிரிக்காவைக் கடந்து, 2019இல் பங்களாதேஷிலும் இந்தியாவிலும் தலைகாட்டியது. 2020இல் நம் நாட்டுக்குள்ளும் வந்தது. முதலில் அடிபட்டது வட மாகாணம். 2022இல் இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானிலும் குஜராத்திலும், இது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. 2023இல் நம் வடமேல் மாகாணத்திலும் பரவி, மாடுகளை இடம்விட்டு இடம் கொண்டு போவதற்குத் தடை போடும் அளவுக்கு வந்தது.

இதன் அடையாளம் வேறு. முதலில் காய்ச்சல் காயும். கண்ணும் மூக்கும் ஒழுகும். பால் சட்டென்று குறையும். பிறகு உடம்பெங்கும் புளியங்கொட்டை முதல் எலுமிச்சங்காய் அளவு வரையில் கெட்டியான கட்டிகள். கால் வீங்கும். கடிக்கும் இலையான், நுளம்பு, உண்ணி ஆகியவையே இதை முக்கியமாகப் பரப்புகின்றன. கட்டிகள் உடைந்தால் பக்டீரியா புகுந்து சீழ் பிடிக்கும்; இலையான் முட்டையிட்டுப் புழு வைக்கும். பல மாடுகளை உருக்குலைப்பது இந்த இரண்டாம் தாக்குதல்தான். வைரஸுக்கு நேரடி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. இது மனிதருக்குத் தொற்றாது. ஆகவே பயந்து ஓட வேண்டாம். ஆனால் ஒரு நாளும் தாமதிக்காமல் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பெயர் சொல்வதில் அவசரம் கூடாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களில் செத்து விழுந்தன. ஏதோ கொள்ளை நோய் என்று ஊரெல்லாம் பயந்தது. பரிசோதித்துப் பார்த்தபோது, தொற்று நோயல்ல, தாங்க முடியாத குளிரும் நனைவுமே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அன்று அந்தச் சீவன்களுக்குத் தேவைப்பட்டவை ஒரு கூரையும் காற்றுத் தடுப்பும்தான். நோயென்று நினைத்து மருந்தைத் தேடியிருந்தால் என்ன பயன்?

ஜெயபுரத்து ஐயா ஏமாற்றினாரா?

சகோதரியின் முதல் கேள்விக்கு வருவோம். பூஞ்சணம் தோலில் இறங்கிய நாளிலிருந்து வட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை ஆகும். நீங்கள் கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்த நாளில் அதன் தோல் பளபளவென்று இருந்திருக்கும். விற்றவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. அல்லது உங்கள் கொட்டிலில் முன்பு யாரோ மாடு கட்டிய பழைய மரத்திலிருந்து வந்திருக்கவும் கூடும். வழியிலே கயிறு மாற்றிய இடத்தில் தொற்றியிருக்கவும் கூடும்.

உறுதியில்லாமல் ஒருவரைப் பற்றித் தீய எண்ணம் கொள்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அந்த ஐயா எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் அந்தக் கட்டளையில் மாற்றமில்லை. இன்னும் யோசித்துப் பாருங்கள். ஜெயபுரத்து மக்களும் 2008இல் போர் நெருங்கியபோது வீட்டையும் வயலையும் விட்டு ஓடியவர்கள். வன்னியில் அந்த ஓட்டத்தில் எத்தனையோ பட்டி மாடுகள் உடையவர் இல்லாமல் காட்டில் திரிந்தன. திரும்பி வந்து, ஒன்றிரண்டாகச் சேர்த்து வளர்த்த மாடுகளில் ஒன்றைத்தான் உங்களுக்கு விற்றிருப்பார்கள். இழந்து திரும்பியவர் இன்னொரு இழந்து திரும்பியவரைப் பார்த்துச் சந்தேகப்படுவதைவிட, ஒரு நடை போய், "ஐயா, கன்றுக்கு இப்படி வந்திருக்கிறது, உங்கள் கன்றுகளையும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது நல்லது. உங்கள் மனப்பாரமும் குறையும். அவருடைய பட்டியும் தப்பும். அண்டை வீட்டார் உரிமை என்று நாம் பயானில் கேட்பது இதைத்தான்.

சூடு வேண்டாம்

மாமியின் யோசனை அன்பினால் வந்தது. அவர் காலத்தில் மிருக வைத்தியர் எட்டாத தூரத்தில் இருந்தார். இரும்பு அடுப்பில் இருந்தது. ஆனால் சூட்டினால் பூஞ்சணமும் சாகாது, வைரஸும் போகாது. சுட்ட இடத்தில் தோல் வெந்து திறக்கும். மழைநாளில் அந்தப் புண்ணில் பக்டீரியா புகும், புழு வைக்கும். ஒரு நோயாக இருந்தது இரண்டாகும். கண்ணோரத்தில் சூடு போடுவதோ மிகப் பெரிய அநியாயம். முகத்தில் சூடிடப்பட்ட ஒரு கழுதையைக் கண்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்படிச் செய்தவரைச் சபித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அடையாளத்துக்காக உடம்பில் குறியிடுவதை அவர்கள் தடுக்கவில்லை. ஸகாத் ஒட்டகங்களுக்கு அவர்களே குறியிட்டதாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே குறிசுடுகிற வழக்கமுள்ளவர்கள் முகத்தை விட்டுவிடட்டும். நோயுள்ள தோலையும் மழைக்காலத்தையும் தவிர்க்கட்டும்.

கழிவு எண்ணெயும் வேண்டாம். அது தோலை எரிக்கும். நக்கும் மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகும்.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வேலை, பிரித்துக் கட்டுவது. எந்தத் தோல் நோய்க்கும், பெயர் தெரியாத நிலையிலும், தவறாகப் போகாத ஒரே வைத்தியம் இது. நோயுற்ற ஒட்டகங்களின் உரிமையாளர் அவற்றை நலமாயிருக்கும் ஒட்டகங்களிடம் கொண்டு வரக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கட்டளையிட்டார்கள். அதே நபியிடம் ஒரு கிராமத்து அரபி வந்து, மான்களைப்போல அழகாயிருந்த என் ஒட்டகங்களிடையே சிரங்குள்ள ஒன்று கலந்ததும் எல்லாவற்றுக்கும் சிரங்கு வந்ததே என்று கேட்டபோது, அப்படியானால் முதலாவது ஒட்டகத்துக்கு அதைக் கொடுத்தது யார் என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோயும் சுகமும் அல்லாஹ்வின் நாட்டப்படியே. ஆனால் கயிற்றை அவிழ்த்துத் தனியே கட்டும் கடமை நம்முடையது.

கன்றைப் பால் குடிக்க விடும் நேரம் தவிர, தாயிடமிருந்தும் மற்றக் கால்நடைகளிடமிருந்தும் தள்ளி, காலை வெயில் படும் உலர்ந்த இடத்தில் கட்டுங்கள். அதற்கென்று தனிக் கயிறு, தனி வாளி. நலமான மாட்டின் வேலையை முதலில் முடித்து, நோயுள்ளதைக் கடைசியில் கவனியுங்கள். பால் கறப்பதிலும் இதே ஒழுங்குதான்.

பொருக்கை உலர்ந்தபடி சுரண்ட வேண்டாம். வித்துகள் காற்றில் பறக்கும். கைக்கு உறை போட்டு, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் ஊறவைத்து, மெதுவாக எடுங்கள். எடுத்த பொருக்கை நிலத்தில் போடாமல் எரித்துவிடுங்கள். பிறகு அயடின் கரைசலையோ மிருக வைத்தியர் தரும் பூஞ்சணக் களிம்பையோ, வட்டத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் சேர்த்து, அவர் சொன்ன நாள் வரையில் பூசுங்கள். கண்ணுக்குள் படாமல் கவனம். இரண்டு நாளில் பலன் தெரியவில்லையே என்று மருந்தை மாற்ற வேண்டாம். படர்தாமரை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவும் ஆறும். பூசுவது அதை விரைவாக ஆற்றவும், மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கவும்.

கட்டுத்தறி, தொட்டி, தரை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டைக் கட்டுங்கள். பழைய கயிற்றைக் கொளுத்திவிடுங்கள். ஒரு கயிற்றின் விலையைப் பார்த்து அடுத்த கன்றையும் இழக்க வேண்டாம்.

நல்ல தீனும் ஒரு மருந்து. பச்சைப் புல்லும் இலைகுழையும் தின்னும் கன்றின் தோல் விரைவாக ஆறும். குடற்புழு மருந்து கொடுக்காத, மெலிந்த கன்றையே பூஞ்சணம் தேடிப் பிடிக்கிறது. மாரி தொடங்குமுன் கொட்டிலின் தரையைச் சற்று உயர்த்தி, வாடைக்காற்று வரும் பக்கத்தில் கிடுகு வரிந்து கட்டிவிட்டால், பாதித் தோல் நோய்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

ஒழிக்க முடியாத நோயா என்றால், அதுவும் இல்லை. சோவியத் நாட்டில் 1970களில் மாட்டுப் படர்தாமரைக்குத் தடுப்பூசி உருவாக்கினார்கள். நோர்வே நாடு அதைப் பயன்படுத்தியும், கொட்டில்களைச் சுத்தம் செய்தும், இந்த நோயை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. நம் ஊரில் அந்த ஊசிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதி வேலை வெயிலும் வெளிற்றும் திரவமும் செய்துவிடும்.

மகனின் கை

உம்மாமார் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். மாட்டிலிருந்து வரும் படர்தாமரை மனிதத் தோலில் சற்றுக் கடுமையாகவே எழும்பும். சிவந்து வீங்கி, சில வேளை சீழும் வைக்கும். அதைக் கண்டு பலர் செய்யும் தவறு, கடையில் போய் "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்குவது. அப்படிக் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். பூசியதும் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். நோய் போய்விட்டதென்று நினைப்போம். ஆனால் பூஞ்சணம் தோலுக்குள் நிம்மதியாகப் படர்ந்துகொண்டிருக்கும். களிம்பை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பி வரும்.

ஆகவே பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். "வீட்டில் கன்றுக்கும் இப்படி இருக்கிறது" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். தலையில் வந்தால் பூசும் மருந்து போதாது. வைத்தியரின் கண்காணிப்பில் மாத்திரை விழுங்க வேண்டும். தலையில் வீங்கிச் சீழ் வைத்தாலும், சாதாரணக் கட்டியென்று நினைத்து யாரும் கீறிவிட இடம் கொடுக்க வேண்டாம். பிள்ளையின் துவாய், தொப்பி, தலையணை உறை எல்லாவற்றையும் தனியாக வைத்துக் கொதிநீரில் துவையுங்கள்.

ஐவேளையும் ஒளுச் செய்கிற வீடு இது, சுத்தத்துக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஒளுவின் தண்ணீர் சவர்க்காரத்துக்குப் பதிலாகாது. கொட்டிலை விட்டு வெளியே வந்ததும் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவி, மேலாடையை மாற்றிக்கொண்டு, அதன் பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

சொல்லாமல் விற்கலாமா?

இனி, எழுதத் தயங்கிய அந்த மூன்றாவது கேள்வி.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்கள் ஈரத்தைத் தொட்டன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை நனைத்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. மறைத்ததே குற்றம். உங்கள் கன்றுக்கு நோய் வந்தது உங்கள் குற்றமல்ல, சகோதரி. சொல்லாமல் விற்றால் அது உங்கள் குற்றமாகிவிடும். பசுவின் தோலில் இன்று ஒன்றும் இல்லைதான். ஆனால் நோயுள்ள கன்றோடு ஒரே கொட்டிலில் நின்ற பசு என்பது வாங்குபவர் அறிய வேண்டிய செய்தி. அந்தப் பசு போகும் வீட்டிலும் ஒரு சிறுவன் இருப்பான். அவனுக்கும் ஒரு முன்கை இருக்கிறது.

குர்பானிக்கென்று வாங்குபவருக்கோ பொறுப்பு இன்னும் அதிகம். கண் பழுது, நோய், நொண்டல், எலும்பில் கொழுப்பற்ற மெலிவு ஆகியவை வெளிப்படையாகத் தெரியும் பிராணி குர்பானிக்கு ஆகாதென்று ஹதீஸில் வந்திருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில், சிறிதளவு சிரங்குகூடக் குர்பானியைப் பாதிக்கும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் சிரங்குள்ள பிராணி கொழுத்திருந்தால் கூடும், மெலிந்திருந்தால் கூடாது. உங்கள் பிராணியின் தோலில் இருப்பது எந்த வகையில் சேரும் என்பதை மிருக வைத்தியரிடமும் ஊர் ஆலிமிடமும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அறுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

பாலிலும் ஓர் அமானிதம் இருக்கிறது. மழைச் சொறிக்கோ மடிக் கொப்புளத்துக்கோ பசுவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டால், எத்தனை நாள் பாலைக் கொடுக்கக் கூடாதென்று வைத்தியரிடம் கேளுங்கள். அத்தனை நாளும் அந்தப் பாலை யாருக்கும் விற்க வேண்டாம். வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். மருந்து கலந்த பாலைப் பார்வையில் அறிய முடியாது, ருசியிலும் அறிய முடியாது. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், யாரும் பார்க்காத இரவிலும் பாலில் தண்ணீர் கலக்க மறுத்த ஏழைப் பெண்ணின் கதையை நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் இடத்தில் இன்று நீங்கள் நிற்கிறீர்கள். நான்கு வீட்டாருக்கும், "மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது, இத்தனை நாளைக்குப் பால் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். சில நாள் வருமானம் குறையும். ஆனால் உண்மையைச் சொல்லி, குறையையும் விளக்கி வியாபாரம் செய்பவர்களுக்குப் பரக்கத் உண்டென்பது நபிமொழி தரும் வாக்குறுதி.

பெருநாள் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை

ஆடு வாங்கும் மற்றச் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டின் உதட்டிலும் வாயோரத்திலும் கறுத்த பொருக்குப் புண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர்ஃப் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இது தோல் கழலை போலல்ல. மனிதக் கைக்கும் வரும். கையில் வெட்டோ கீறலோ உள்ளவர் அந்த ஆட்டின் தலையைத் துப்புரவு செய்தால், சில நாளில் விரலில் சிவந்த கட்டியொன்று எழும்பும். துருக்கியிலும் ஐரோப்பாவிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு இப்படிக் கைக்கட்டியோடு வைத்தியரிடம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகள் எழுதியிருக்கின்றன. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். தெரியாமல் அதைக் கீறி, தேவையில்லாத சிகிச்சைக்குப் போகிறவர்கள்தான் துன்பப்படுகிறார்கள். பெருநாள் காலையில் கைக்கு ஓர் உறை போட்டுக்கொண்டால் கவலை இல்லை.

அன்புச் சகோதரியே! தரகருக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். கன்றைத் தனியே கட்டுங்கள். மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஜெயபுரத்து ஐயாவுக்கும் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மாமியிடம், "மாமி, இந்த முறை இரும்பு வேண்டாம், மருந்து பூசிப் பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவரிடமே கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், இரண்டு மூன்று மாதத்தில் அந்த வட்டத்தில் புதுமயிர் முளைக்கும்.

உமர் (ரலி) அவர்கள் ஓர் ஒட்டகத்தின் முதுகுப் புண்ணில் கையை வைத்துப் பார்த்து, உன்னைக் குறித்தும் என்னிடம் கேட்கப்படுமோ என்று அஞ்சியதாக வரலாற்று நூல்களில் வருகிறது. ஒரு பேரரசின் தலைவர் ஒரு மிருகத்தின் புண்ணுக்காக அப்படி அஞ்சினார். நம் கொட்டிலில் இருப்பது ஒரு பசுவும் ஒரு கன்றும்தான். கேள்வி ஒன்றுதான், பதிலும் நம் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

வாய் பேசாத சீவன்களின் அமானிதத்தைச் சரியாக நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.